வெள்ளைச் சீட்டு

உள்ளாட்சித் தேர்தலில் ஓர் ஆளுக்கு நாலு சீட்டு கொடுப்பார்கள். ஜில்லாவுக்கு மஞ்சள், யூனியனுக்குப் பச்சை, தலைவருக்கு ரோஸ், வார்டு மெம்பருக்கு வெள்ளை. எனக்குப் படிப்பு கிடையாது. கையெழுத்து மட்டும் போடுவேன். இதையும் வாயால் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். அதனால் சீட்டை நிறத்தை வைத்துத்தான் தெரியும். எங்கள் வார்டில் மூன்று நிறம்தான் கொடுப்பார்கள். வெள்ளைச் சீட்டை நான் கையில் வாங்கியதே இல்லை.

காரணம், எங்கள் ஊரில் வார்டு மெம்பரை ஓட்டுப் போட்டு எடுப்பதில்லை. தட்டு வைத்து எடுப்போம். தேர்தல் வருகிறது என்றதும் மாரியம்மன் கோயிலில் ஊர் கூடும். கூட்டம் என்றால் ஜமுக்காளத்தில் உட்காருகிற பத்துப் பன்னிரண்டு பேர்தான். மற்றவர்கள் சுற்றி நிற்கிறவர்கள். உட்கார்ந்திருப்பவர்கள் பேசி ஒரு வீட்டை முடிவு செய்வார்கள். பிறகு பித்தளைத் தட்டில் தேங்காயும் பழமும் லால்பேட்டைக் கொடிக்காலிலிருந்து வாங்கிவந்த வெற்றிலையும் வைத்து, ஐந்து பெரியவர்கள் தெருத்தெருவாக எடுத்து வருவார்கள். எந்த வாசலில் தட்டு இறங்குகிறதோ அந்த வீட்டு ஆள் மெம்பர். அவர் ஒருவர் மட்டும் மனு கொடுப்பார். வேறு மனு இல்லை என்றால் ஓட்டு எதற்கு? தட்டை எதிர்த்து மனு கொடுத்தவன் என்று எங்கள் ஊரில் ஒருவனும் கிடையாது.

தட்டு பெரும்பாலும் கிழக்குத் தெருவில் ஒரே வாசலில்தான் இறங்கும். ஊரில் முதலில் டிராக்டர் வாங்கிய வீடு அது. அப்பாவுக்கு இறங்கியது, பிறகு மகனுக்கு. மகனை நாங்கள் டிராக்டர்காரர் என்றே சொல்வோம்.

நான் இதையெல்லாம் கிட்டே இருந்து பார்த்தவன் இல்லை. எங்கள் ஊர் சிதம்பரத்துக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் இருக்கிறது; என் பிழைப்பு இருபத்திரண்டு வருஷம் கடலூர் முதுநகரில். மூட்டை தூக்கினேன். உப்பு மூட்டை முதுகை அரிக்கும். சிமெண்டு மூட்டை வேகனிலிருந்து சூடாக இறங்கும். சித்திரை மாதத்தில் தோள் கொப்புளம் போடும். உர மூட்டை பரவாயில்லை, ஆனால் சோற்றுக் கையில் மூன்று நாள் வாடை போகாது. அந்தக் கதை ஜாஸ்தி இருக்கிறது, இங்கே வேண்டாம். முதுகெலும்பு தேய்ந்து 2004இல் ஊரோடு வந்துவிட்டேன். வந்து பார்த்தால், நிலம் கொஞ்சம் இருந்தது, வீடு இருந்தது, ஜமுக்காளத்தில் மட்டும் இடமில்லை. என் வயதுக்காரர்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நான் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றேன். நிற்காதே என்று யாரும் சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு இல்லை.

என் பெண்டாட்டியின் தம்பி, என் மச்சான், என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவர். மாமனார் போன பிறகு எங்கள் வீட்டில் இருந்துதான் பள்ளிக்கூடம் போனார். சேறு மிதித்து, எருமை குளிப்பாட்டி, அப்படியே படித்துக் கடலூரில் ஒரு கல்லூரியில் சமூகவியல் வாத்தியார் ஆனார். குடித்தனம் அண்ணாமலை நகரில். வாத்தியார் ஆன பிறகு அவரை வா போ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. சமூகவியல் என்றால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன்.

“நம்ம ஊர்த் தட்டு ஏன் எப்பவும் ஒரே வாசல்ல எறங்குதுன்னு கேக்குறது மாமா.”

“அதுக்கா இத்தினி வருசம் படிச்சீங்க? என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

“சொல்லுங்க.”

“டிராக்டரு அங்கதான நிக்குது.”

ரொம்ப நேரம் சிரித்தார். அப்போதெல்லாம் என்னிடம் நிறையப் பேசுவார்.

அந்த வருஷக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. முதுநகரைச் சுற்றிய குப்பங்களில் என்னோடு மூட்டை தூக்கியவர்களின் வீடுகள் இருந்தன. சிலர் இருந்தார்கள், சிலர் இல்லை. மச்சான் தன் மாணவர்களையும் எங்கள் ஊர்ப் பையன்களையும் கூட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தார். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்பு வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“பொணத்த எடுத்தது பூரா இருவது வயசுப் பசங்க மாமா. எந்த ஊட்ல எத்தினி பேருன்னு அவனுங்களுக்குத்தான் தெரியும். நிவாரணப் பட்டியலு எழுதறப்ப ஒருத்தனையும் கூப்புடல. பெருசுங்க ஒக்காந்து எழுதுச்சு.”

“பெரியவங்கதான எழுதணும்.”

“தப்புத் தப்பா எழுதுச்சுங்க மாமா.”

அதற்குப் பிறகு அவருக்கு அந்த ஒரே பேச்சுதான். வாலிபப் பிள்ளைகள் அரசியலுக்கு வரவேண்டும்; கொடி பிடிக்க அல்ல, முடிவு எடுக்க. சென்னையில் பெரிய இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கல்லூரி விட்டதும் பஸ் பிடித்து ஏதாவது ஒரு கிராமத்தில் போய் இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தா. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், அதில் பெண் பிள்ளைகள் நாலு. அவர் பிரசங்கம் பண்ணமாட்டார். நாற்பது வயசுக்கு மேற்பட்டவர் வாய் திறக்கக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டு, தானும் கடைசியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேசவே பேசாத பிள்ளையாகப் பார்த்து, “ஊர்ல எத்தினி வெளக்கு எரியுது, எண்ணிக்கிட்டு வா” என்பார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைதான் எழுந்து பேசவேண்டும்.

என் மகள் அந்த நாலு பேரில் ஒருத்தி. சிதம்பரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிராம சபையில் தீர்மான நோட்டு சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். இவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

கிளார்க் சொன்னார்: “போட்டுட்டுக் குடும்மா, அப்புறமாப் படிச்சுக்கலாம்.”

“படிக்காம எதுக்கு சார் போடறது? இதுல பதினோரு வெளக்கு மாட்டுனதா இருக்கு. எரியறது நாலுதான்.”

டிராக்டர்காரர் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார். “யாரு பொண்ணு இது? மூட்டக்காரரு மவளா. அதான் பேச்சு கனமா இருக்கு.”

கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் என்னைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

2006 தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தட்டு டிராக்டர்காரர் பெண்டாட்டிக்கு இறங்கும் என்று ஊருக்கே தெரியும். நல்ல மனுஷி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரேஷன் கடைக்குக்கூடத் தனியாகப் போய் நான் பார்த்ததில்லை. வராந்தாப் பிள்ளைகள் கூடிப் பேசி, தட்டு கிளம்புவதற்கு முன்னாலேயே மனுக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். யார் நிற்பது என்றதும் என் மகள் கையைத் தூக்கியிருக்கிறாள். மனுவை முன்மொழிய அதே வார்டில் ஓட்டு உள்ள ஒருவர் வேண்டும். மற்றப் பிள்ளைகளின் அப்பன்மார் யாரும் வரவில்லை. மச்சான் என்னிடம் வந்தார்.

“மாமா, நீங்கதான் முன்மொழியணும்.”

“அப்டின்னா?”

“இந்தப் பொண்ண எனக்குத் தெரியும், இவ நிக்கலாம்னு ஒரு கையெழுத்து.”

“பெத்தவன் நான். எனக்குத் தெரியாதா?”

போட்டேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஊர்ல ஒரே ஒரு தடவ ஓட்டு நடக்கட்டும் மாமா. இவ தோத்தாலும் பரவால்ல. வெள்ளச் சீட்டுன்னு ஒண்ணு இருக்குன்னு பசங்க கண்ணால பாக்கட்டும்” என்றார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு ஊர் கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. டிராக்டர்காரர் பெண்டாட்டி மனுவையும் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்கள். வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முன்பு, காலையில், டிராக்டர்காரர் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் என் வாசல் ஏறியதில்லை. பெண்டாட்டி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

“பொண்ணு நிக்கட்டும் அண்ணே, யாரு வேணாங்கறா. படிச்ச பொண்ணு. ஆனா ஓட்டுன்னு வந்துட்டா என்னா ஆவும்னு நெனச்சுப் பாருங்க. நம்ம வார்டுல இருக்கறதே கை அகல ஓட்டு. எண்ணி முடிச்சா, எவன் எவனுக்குப் போட்டான்னு ஒவ்வொரு ஊட்லயும் கணக்குப் பாப்பான். அண்ணந் தம்பி மூஞ்சில முழிக்க மாட்டான்.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் பாதி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த நியாயத்துக்காக நான் செய்யவில்லை. எழுந்திருக்கும்போது அவர் இன்னொன்று சொன்னார்.

“தட்டு எடுக்கற அஞ்சு பேர்ல ஒருத்தரு மாசி மாசம் தவறிட்டாரு. அந்த எடத்துக்கு ஊரு உங்களத்தான் சொல்லுது. நீங்கதான் இப்பல்லாம் கூட்டத்துக்கு வந்து நின்னுட்டே போயிடறீங்க.”

நான் நின்றது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. மடித்த தாள் ஒன்றை டி.வி.மேல் வைத்துவிட்டுப் போனார். வாபஸ் தாள்.

நான் மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றேன், அவ்வளவுதான். காலையில் வேண்டாம், மதியம் வேண்டாம். பெண்டாட்டி முதலில் வயிற்று வலி என்று நினைத்தாள். சாயங்காலம் புரிந்துகொண்டாள்.

“பொண்ணுகிட்டப் பட்டினி கெடக்கற வயசா இது உங்களுக்கு? பாய் போட்டு ஒக்கார வெக்கறேன்னானா அவன்?”

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மறுநாளும் காப்பி வேண்டாம், சோறு வேண்டாம். அதற்கடுத்த நாள் மூன்று மணியோடு வாபஸ் முடிகிறது. அன்று காலை மகள் தட்டில் இட்லியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“சாப்புடுங்கப்பா.”

“கையெழுத்துப் போடு.”

“மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்.”

“உங்க மாமா கடலூர்ல கூட்டத்துல பேசிக்கிட்டிருப்பாரு. பேசறவங்க பேசிட்டு பஸ் ஏறிடுவாங்க. இங்க கெடக்கப் போறது நாம.”

அன்றைக்குக் கடலூரில் நிஜமாகவே கூட்டம். பல கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைத்து, வாலிபர்கள் ஏன் தேர்தலில் நிற்கவேண்டும் என்று மச்சான் பேச ஏற்பாடாகியிருந்தது. மகள் போன் அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. மேடையில் இருந்திருப்பார். பதினொரு மணிக்கு அவள் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவளே இலை நறுக்கிப் போட்டு எனக்குச் சோறு வைத்தாள். ரசம் ஊற்றும்போது கேட்டாள்: “இப்ப எறங்குதாப்பா?”

இறங்கியது. ரெண்டு நாள் பசி.

பஞ்சாயத்து ஆபீசில் மனு வாங்குகிற அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்மொழிஞ்சதும் நீங்க, வாபஸ் கொண்டாந்ததும் நீங்கதானா?” என்றார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் தட்டு கிளம்பியது. சலவை வேட்டி, தோளில் துண்டு. ஐந்து பேரில் யார் தெரு வருகிறதோ அவர் கையில் தட்டைக் கொடுப்பது முறை. எங்கள் தெரு திரும்பியதும், “உங்க தெரு, நீங்க புடிங்க” என்று கொடுத்தார்கள். தட்டு தாண்டிப் போகிற ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுப் பெண் வந்து, தூக்கி வருகிறவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். என் வாசலில் பெண்டாட்டி வெளியே வரவில்லை. மகள்தான் குடத்தோடு வந்தாள். நாலு பேர் காலுக்கு ஊற்றினாள். என் காலுக்கும் ஊற்றினாள், மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு. நான் தட்டோடு நடந்து கிழக்குத் தெருவில் இறக்கினேன்.

மச்சான் மறுநாள் வந்தார். அக்காள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வந்து உட்கார்ந்து, “சாப்ட்டீங்களா மாமா” என்றார். அவர் கேள்வி எதுவும் கேட்காததால் எனக்குத்தான் ஆத்திரம் வந்தது.

“நீங்க சம்பளக்காரரு மச்சான். ஊர ரெண்டாக்கிட்டு ரயிலேறிப் போயிடலாம்.”

“நெசந்தான் மாமா,” என்றார். “அன்னிக்கு நான் இங்க இருந்திருக்கணும். கூட்டத்துக்குப் போனது எந் தப்பு.”

எனக்கு ஒரு சண்டை வேண்டியிருந்தது. அவர் அதைக்கூடத் தரவில்லை. எழுந்து பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போனார். மூன்று பேர்தான் வந்திருந்தார்களாம். அதில் ஒருவன் கேட்டதைப் பிற்பாடு பெண்டாட்டி எனக்குச் சொன்னாள், சொல்லவேண்டும் என்றே சொன்னாள்: “சார், உங்க மாமாவே தட்டு தூக்கிட்டாரு. நாங்க எங்க அப்பன எந்த மூஞ்சோட சார் கேக்கறது?” அடுத்த ஞாயிறு ஒருவர். அதற்கடுத்து வராந்தாவில் ஆடு படுத்திருந்தது.

மகளை அடுத்த வருஷமே முதுநகரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை நல்லவர், குடிக்கமாட்டார். எனக்கு ஜமுக்காளத்தில் இடம் கிடைத்தது. தூணுக்குப் பக்கத்தில், முதுகு சாய வசதியான இடம். அங்கே உட்கார்ந்த அஞ்சு வருஷத்தில் ஒரே ஒரு தடவை என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவது வெள்ளியா, ஞாயிறா? ஞாயிறு என்றேன். வெள்ளிக்கிழமை ஊற்றினார்கள்.

மச்சான் நிறுத்தவில்லை. கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வராந்தா வராந்தாவாக உட்கார்ந்தார். தலை நரைத்தது, சர்க்கரை வந்தது. 2011 தேர்தலில் அவரோடு உட்கார்ந்த பிள்ளைகள் சில ஊர்களில் நின்றார்கள், சிலர் ஜெயித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், மழையைப் பற்றிப் பேசுவார், முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்பார். அரசியல் என்று ஒரு வார்த்தை என்னிடம் பேசமாட்டார். நானாக எடுத்தாலும், “அத விடுங்க மாமா” என்று அக்காள் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்தத் தேர்தலிலும் எங்கள் வார்டு பெண்களுக்குத்தான். அறிவிப்பு வந்ததும் நான் முதுநகருக்கு ரயிலேறினேன். மகள் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இந்த வாட்டி நீ நில்லு. எவன் வந்தாலும் நான் பாத்துக்கறேன்.”

“எம் பேரு அங்க இல்லப்பா. எடுத்துட்டாங்க. இங்கதான் ஓட்டு.”

“திருப்பிச் சேத்துக்க முடியாதா?”

“எதுக்கு?”

அவள் செதிலை வாரிப் பூனைக்குப் போட்டாள்.

“தட்டு என்னிக்காம்?”

“வியாழக்கெழம.”

“வேட்டி தொவச்சு வச்சாச்சா?”

வைத்திருந்தேன். அந்தத் தடவையும் தட்டை நான்தான் தூக்கினேன்.

அந்த வருஷம் முடிகிற சமயத்தில் புயல் அடித்தது. மரம் எல்லாம் சாய்ந்து, கம்பம் முறிந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. என் வீட்டு ஓட்டுக் கூரையில் பாதி போய்விட்டது. 2012 பொங்கல் நெருங்கும்போது மச்சான் வேறொரு கிராமத்திலிருந்து இருபது பிள்ளைகளை லாரியில் கூட்டிவந்தார். கயிறும் ரம்பமும் அரிவாளுமாக இறங்கினார்கள். அவர்களை ஏவிக்கொண்டிருந்தது ஒரு பெண், இருபத்தி நாலு வயசிருக்கும். “அந்தக் கெளைய மொதல்ல எறக்குடா, ஒயர்ல கெடக்குது பாரு” என்று அவள் அதட்ட, தடித்தடிப் பையன்கள் ஓடினார்கள். அந்த ஊர் வார்டு மெம்பராம். ஓட்டில் ஜெயித்தவளாம். மச்சான் அவள் சொன்ன இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் நோட்டோடு என்னிடம் வந்தாள்.

“ஐயா, உங்க வார்டு மெம்பர் யாருங்க? கூர போன ஊடெல்லாம் எழுதி, அவங்க கையெழுத்து வாங்கணும்.”

“கெழக்குத் தெரு. அந்தம்மா வர மாட்டாங்க. அவங்க ஊட்டுக்காரருதான் வருவாரு.”

“அவரு மெம்பர் இல்லீங்களே.”

“எங்க ஊர்ல அப்டித்தாம்மா.”

அவள் பேனாவை மூடாமல் நின்றாள். எனக்கு ஏனோ சொல்லவேண்டும் போல இருந்தது. “எம் பொண்ணு ஒருத்தி மனு குடுத்தா. மின்னாடி. நாந்தான்...”

“அவங்க இருக்காங்களா? கூப்புடுங்கய்யா, எந்த ஊட்ல யாரு இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியும்ல. எழுதிக்கலாம்.”

“முதுநகர்ல இருக்கா.”

“சரிங்கய்யா” என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மச்சான் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். கயிற்றை இழுத்துக் கட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். திட்டினாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“வெயில்ல நிக்காதீங்க மாமா. உள்ள போயி ஒக்காருங்க.”

உள்ளே போனேன். பாதிக் கூரை இல்லாததால் அங்கேயும் வெயில் அடித்தது. வெளியே அந்தப் பெண், எங்கள் தெருவை வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.